பெரியம்மா வீட்டில் விழுந்த முட்டை

நம் காலத்துப் பள்ளிக்கூடத்தில் பிரம்பையும் வாய்ப்பாட்டையும் விட்டால் வேறு என்ன இருந்தது என்று போன வாரம் எல்லாரும் சேர்ந்து சொன்னீர்கள். குரோம்பேட்டைப் பக்கம் அந்தப் பள்ளிக்கூட விழாவுக்குப் போயிருந்தோமே, அன்றைக்கு. பிள்ளைகள் மாடியிலிருந்து முட்டையைப் போட்டார்கள். ஸ்பாஞ்சு, பலூன், உறிஞ்சுகுழல், டேப்பு என்று ஆளுக்கொரு பொட்டலம். முட்டை உடையாமல் இறங்கினால் கைதட்டல். "நமக்கெல்லாம் இத யாரு குடுத்தா?" என்று எதிர்வீட்டு அக்கா பெருமூச்சு விட்டார். நீங்களும் தலையாட்டினீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் சொல்லலாமென்று பார்த்தால் நிற்கவே இடமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கொடுத்தார்கள். அதே முட்டை, அதே மாடி. ஸ்பாஞ்சும் டேப்பும்தான் இல்லை.

என் எழுத்து மெதுவாகத்தான் வரும். ஐந்தாவதோடு நின்றவள். அந்த ஐந்திலும் எழுத்துக்கும் எனக்கும் ஒத்துப்போனதில்லை. மற்றவர்கள் ஒரு பக்கம் வாசித்து முடிக்கும்போது நான் முதல் வரியில் நின்றுகொண்டிருப்பேன். ஆனால் என் கைக்கு எல்லாம் தெரியும். இதைப் பெருமையாகவே சொல்கிறேன், பெருமைப்பட வேண்டியதை மறைக்க எனக்குத் தெரியாது.

எங்கள் வீடு சேலையூர் ஏரிக்கு மறுகரையில் இருந்தது. பள்ளிக்கூடம் தாம்பரம் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம். சுண்ணாம்புக் கட்டடம், மேலே ஒரே ஒரு மாடி அறை. ஏரோப்ளேன் தலைக்கு மேல் தாழப் பறந்தால் ஓட்டுக்கூரையிலிருந்து தூசி கொட்டும். சிலேட்டை ஊதித் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவோம்.

டீச்சர் தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்தவர். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை, கையில் வெயிலோ மழையோ ஒரு குடை. மற்ற நாளெல்லாம் அவரும் மற்றவர்களைப் போலத்தான். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். "புத்தகத்த மூடுங்க. இப்ப கைக்கு வேலை" என்பார். பொங்கல் கழிந்து பரீட்சை வருவதற்கு முன்னால் அந்த ஒரு பருவம்தான் அப்படி நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு உருண்டை ஏரிக் களிமண்ணைக் கொடுத்தார். நடுவில் ஒரு வாளித் தண்ணீர். "மண்ணு தண்ணியில முழுகும், இல்லியா? இத மிதக்க வைங்க." அவ்வளவுதான் சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை. உருண்டையாகவே போட்டவர்களுக்கு 'பொளக்'கென்று முழுகியது. தட்டையாகத் தட்டிப் போட்டவர்களுக்குச் சாய்ந்து சாய்ந்து முழுகியது. நான் விரலால் நடுவைக் குடைந்து, விளிம்பை மெலிதாக்கி, ஒரு சின்னச் சட்டி போலச் செய்து வைத்தேன். மிதந்தது. டீச்சர் குந்தி உட்கார்ந்து அதில் ஒவ்வொரு புளியங்கொட்டையாக வைத்தார். அப்போதும் மிதந்தது.

"எப்படித் தோணிச்சு உனக்கு?"

"எங்க அம்மா ஏரியில பாத்திரம் கழுவும்போது சோத்துப்பான மிதந்துகினே போவும் டீச்சர். புடிச்சாரணும்."

டீச்சர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. அன்றைக்கு வாசிப்பில் நான் வாங்கிய திட்டு என் காதை விட்டு இறங்கிப் போனது.

இன்னொரு வாரம் துடைப்பத்து ஈர்க்கால் பாலம். இரண்டு செங்கல்லுக்கு நடுவே கட்டி அதன்மேல் சிலேட்டுகளை அடுக்க வேண்டும். எங்கள் பாலம் படாரென்று முறிந்தது. நான் அழப்போனேன். "எந்த எடத்துல முறிஞ்சுதுன்னு பாத்தியா?" என்றார் டீச்சர். நடுவில். "அப்ப எங்க பலம் வேணும்?" அப்போதுதான் தலைமை ஆசிரியர் அந்தப் பக்கம் வந்தார். தரையெல்லாம் ஈர்க்கு. "இன்னாம்மா இது, கிளாஸா, கொட்டாயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

பிறகு வந்தது முட்டை.

"திங்கக்கிழமை மாடி ஜன்னல்லருந்து நான் போடுவேன். பச்சை முட்டை. உடையக் கூடாது. வீட்டுல கிடக்கிற எத வேணாலும் வச்சுக் கட்டிட்டு வாங்க. கடையில வாங்கினா சேத்துக்க மாட்டேன். எந்தப் பக்கம் கீழ வரணும்னு கரியால ஒரு அடையாளம் போட்டுடுங்க."

எங்கள் வீட்டில் கோழி இருந்தது. அம்மா ஒரு முட்டை தந்தாள். "ஒடைஞ்சா உனக்குக் கொழம்புல முட்ட கெடையாது, சொல்லிட்டேன்" என்றாள். முட்டையைச் சுற்ற எது நல்லது என்று வீடு முழுக்கத் தேடினேன். வைக்கோலைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்தேன், குத்தியது. தேங்காய் நார் விறைப்பு. தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை எடுத்தால், அழுத்தியது அழுத்தினபடியே கிடந்தது, எழும்பவில்லை. தலையணையைப் பிரித்ததற்கு ஒரு குட்டும் வாங்கினேன்.

கடைசியில் கிடைத்தது அம்மாவின் முடி.

நம் வீடுகளில் அப்போது உதிர்ந்த முடியை எறிய மாட்டார்களே, உங்களுக்குத் தெரியும். சீப்பில் வருவதைச் சுருட்டிச் சுவர்ப் பொந்தில் செருகி வைப்பார்கள். நிறைய சேர்ந்தால் சவுரி கட்டுவார்கள். வெளியே போட்டால் யார் கைக்காவது போய், அதை வைத்து ஏதாவது செய்துவிடுவார்கள் என்று பயம். என் அம்மாவுக்கு முழங்கால் தொடும் கூந்தல். ஊரிலேயே அப்படி ஒரு கூந்தல் வேறு யாருக்கும் இல்லை. பொந்திலிருந்த சுருட்டை எடுத்து அழுத்தினேன். அழுங்கியது. கையை எடுத்தேன், எழும்பியது. மறுபடி அழுத்தினேன், மறுபடி எழும்பியது. இதுதான் என்று கை சொல்லிவிட்டது.

கேட்டபோது அம்மா சற்று யோசித்தாள். "பள்ளிக்கூடத்துக்குத்தான?" என்றாள். "டீச்சரே சொன்னாங்களா?" என்றாள். பிறகு பொந்திலிருந்த அத்தனையும் எடுத்துக் கொடுத்தாள். "பாடம் முடிஞ்சதும் அத்தனையும் திரும்பி வந்துரணும். ஒரு முடி வெளிய தங்கக் கூடாது."

முட்டையை நடுவில் வைத்து, சுற்றிலும் முடி பொதிந்து, ஏதோ விசேஷத்துக்கு மஞ்சளில் நனைத்துக் காயப்போட்ட ஒரு துண்டுத் துணியில் மூட்டை கட்டினேன். கட்டுவதற்கு, அரைஞாணுக்கு வாங்கியதில் மீந்த கறுப்புக் கயிறு. கூர்ப்பக்கம் கீழே வரவேண்டும் என்று கரியால் ஒரு வட்டமும் கீழ்நோக்கி ஒரு கோடும் போட்டேன்.

இப்போது நீங்களே மனதில் கொண்டுவந்து பாருங்கள். மஞ்சள் துணி, கறுப்புக் கயிறு, உள்ளே முட்டையும் பெண்பிள்ளை முடியும், மேலே கரிக்கோடு. எனக்கு அது வெள்ளிக்கிழமைப் பாடம். டீச்சரை அறியாதவர்கள் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்?

பக்கத்து வீடு பெரியம்மா வீடு. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது கிணறு அவர்கள் பக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பேச்சில்லை. ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரு மண்சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வாசல் தெளிப்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். "அந்த வாசல்ல கால வச்ச, கால ஒடிச்சிருவேன்" என்று எனக்கும் உத்தரவு. அம்மா ஏரியிலிருந்து தண்ணீர் தூக்கினாள்.

பெரியம்மாவின் மகள், என் அக்கா, பிரசவத்துக்கு வந்திருந்தாள். முந்தின வருஷம் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. அதனால் பெரியம்மா அவளைக் கண்ணாடிச் சாமானைப் போல வைத்திருந்தாள். வாசல் தாண்ட விடவில்லை. என்னைப் பார்த்தால் அக்கா சுவருக்கு மேலே கையை ஆட்டுவாள், வாய் பேசாமல்.

சனிக்கிழமை மத்தியானம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை வரை எப்படிப் பொறுப்பது? உயரத்திலிருந்து ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவோம் என்று மூட்டையை மடியில் கட்டிக்கொண்டு எங்கள் வேப்பமரத்தில் ஏறினேன். நல்ல உயரம் வந்ததும் கையை நீட்டி விட்டேன். கிளை ஆடியது. மூட்டை நேரே விழாமல் சுவருக்கு அந்தப் பக்கம் போய், பெரியம்மா வீட்டுக் கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் விழுந்தது.

உடைந்ததா, இல்லையா? மரத்தின் மேலிருந்து தெரியவில்லை. எனக்கு உலகத்தில் வேறு எந்தக் கேள்வியும் இல்லை, அது ஒன்றுதான்.

சுவர் ஏறிக் குதித்து எடுத்துவிடலாமா என்று நான் யோசிக்கும் நேரத்துக்குள் பெரியம்மா தண்ணீர் சேந்த வந்துவிட்டாள். குடம் கையிலிருந்து விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. பிறகு அவள் கத்தியது.

"ஐயோ! யாருடி வச்சது இத! நல்லா இருப்பாளா அவ! புள்ளத்தாச்சி இருக்குற வூட்ல, அமாவாச அன்னிக்கு!"

அன்றைக்கு அமாவாசை. நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

தெரு வந்து கூடிவிட்டது. மூட்டையை ஒருவரும் தொடவில்லை. யாரோ ஒரு அன்னக்கூடையைத் தூர இருந்தே தள்ளிக் கவிழ்த்து மூடினார்கள். கோயில் பூசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் கூடையைக் கம்பால் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி மூடினார். "கை வெக்காதீங்க. பொழுது சாயட்டும். ஏரிக்கரையில வச்சுக் கொளுத்திட்டு வந்துர்றேன்."

கொளுத்தப் போகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு உத்தரவெல்லாம் மறந்துபோனது. அவர்கள் வாசல் வழியாகவே உள்ளே ஓடினேன்.

"பெரிம்மா, அது என்துது! எங்க டீச்சர் குடுத்த பாடம். முட்டைய மாடிலருந்து போட்டா ஒடையக் கூடாது! மரத்துலருந்து போட்டுப் பாத்தேன், இங்க வுழுந்துடுச்சு!"

பால்காரர் பெண்சாதிதான் முதலில் வாய் திறந்தாள். "கேட்டீங்களா கதைய! ஒடையக் கூடாதுன்னா ஏன்டி போடணும்? வச்சுக்க வேண்டியதுதான!"

எல்லாரும் சிரித்தார்கள். இன்று வரைக்கும் அது நியாயமான கேள்விதான். நான் ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால், நாய் கவ்விக்கொண்டு வந்து போட்டது என்று சொல்லியிருந்தால், நம்பியிருப்பார்கள். உண்மை அவ்வளவு கோமாளித்தனமாக இருந்தது.

அதற்குள் பெரியம்மாவின் கண் கூடையின் இடுக்கில் போய் நின்றது. மூட்டையின் கட்டிலிருந்து ஒரு முடி வெளியே நீண்டு கிடந்தது. நல்ல நீளம். அவள் அதைப் பார்த்தாள். சுவருக்கு மேலே தெரிந்த என் அம்மாவின் தலையைப் பார்த்தாள்.

"முடி யாருதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது பரவாயில்லை.

பின்னால் யாரோ தணிந்த குரலில் சொன்னார்கள்: "ரெண்டு ஆம்பளப் புள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ. வயிறு எரியாம இருக்குமா?"

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு அண்ணன்களைப் பற்றி வீட்டில் பேச மாட்டார்கள். தெரு பேசும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மாவுக்கும் அது கேட்டது. அவள் முகம் சுவருக்கு மேலே அப்படியே இருந்தது. அப்பா செங்கல்பட்டுக்குப் போயிருந்தார். அம்மா தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. "எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா" என்று மட்டும் சொன்னாள்.

பெரியப்பாதான் நடுவில் வந்தார். "டீச்சரம்மாவையே கேட்டுப்புடுவோம்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஸ்டேஷன் பக்கம் டீச்சரின் வீடு. வெயில் சாயும் நேரத்தில் திரும்பினார். பின்னால் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்தபடி, விரித்த குடையோடு டீச்சர். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நான்தாங்க செய்யச் சொன்னேன். கிளாஸ் முழுக்கச் செய்யுது. முட்டை கீழ விழும்போது அடிய மொத்தமா ஒரே இடத்துல வாங்கினா உடைஞ்சிடும். சுத்தி மெத்துன்னு இருந்தா அடி பரவலா, மெதுவா இறங்கும். அதத்தான் இந்தப் புள்ள..."

பெரியம்மா கை கூப்பினாள். "டீச்சரம்மா, நீங்க நல்லவங்க. உங்க சாமி வேற. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. நீங்க முட்டையத்தான் கேட்டிருப்பீங்க. முடிய வெச்சுக் குடுத்தது யாரு?"

டீச்சர் குடைக் கம்பைத் திருகிக்கொண்டே நின்றார். "எத வேணாலும் வச்சுக் கட்டுங்கன்னு நான்தான் சொன்னேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். படித்தவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். இன்று யோசித்தால் பெரியம்மா மேலும் கோபம் வரவில்லை. முந்தின வருஷம் அது தங்காமல் போனதற்கு ஒரு காரணம் யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த மூட்டை அவளுக்குக் காரணமாக வந்து விழுந்தது.

பூசாரி கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து அக்கா வந்தாள். வயிற்றின் மேல் ஒரு கை, நிலைப்படியில் ஒரு கை. முகம் வெளுத்திருந்தது. எல்லாரும் "உள்ள போ, உள்ள போ" என்றார்கள். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"ஏன்டி, முட்ட ஒடஞ்சுதா இல்லியா?"

அத்தனை பேரில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"தெரியல அக்கா. தொறந்து பாக்க வுட மாட்றாங்க."

"தொறந்து பாரு."

"கை வெக்காத!" என்றார் பூசாரி. நான் நின்றுவிட்டேன். அப்போது சுவருக்கு மேலே அம்மாவின் தலை காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் வாசல் வழியாக வந்தாள். பாகம் பிரித்த பிறகு அவள் அந்த வாசலில் கால் வைத்தது அன்றைக்குத்தான். யாரையும் பார்க்காமல் நேரே வந்து, கூடையைத் தள்ளிவிட்டு, தரையில் உட்கார்ந்து மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கூட்டம் பின்னால் நகர்ந்தது. டீச்சர் மட்டும் ஒரு அடி முன்னால் வந்தார்.

அம்மா கயிற்றை அவிழ்த்தாள். துணியை விரித்தாள். முடியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள், குழந்தைக்குச் சிக்கெடுப்பதைப் போல. கொஞ்சம் காற்றில் பறந்தது. கடைசிச் சுற்றும் பிரிந்தது. அம்மாவின் உள்ளங்கையில் முட்டை இருந்தது. முழுசாக. ஒரு கீறல் இல்லை.

டீச்சர் கைதட்டிவிட்டார். பாவம், அவரை அறியாமல் வந்துவிட்டது. ஒருவரும் சேர்ந்து தட்டாததால் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார்.

"ஒடையலியே" என்றாள் பெரியம்மா. "அவ்ளோ ஒசரத்துலருந்து வுழுந்தும் ஒடையல பாரு. அதான் எனக்கு பயமா கீது."

எனக்கு அழுகை வந்தது. உடைந்தாலும் தப்பு, உடையாவிட்டாலும் தப்பு என்றால் நான் என்னதான் செய்வேன்?

அம்மா எழுந்தாள். முட்டையோடு நேரே பெரியம்மாவின் அடுக்களைக்குள் போனாள். நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தோம். அடுப்பில் நெருப்பு இருந்தது. தோசைக்கல் எங்கே இருக்கும், உப்பும் மிளகும் எந்த மாடத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்த அடுக்களை அது. முட்டையைக் கல்லின் விளிம்பில் தட்டி ஊற்றினாள். 'சொய்'யென்ற சத்தமும் மிளகு வாசனையும் கிணற்றடி வரைக்கும் வந்தன.

தட்டில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "எது வந்தாலும் மொதல்ல எனக்கு வரட்டும்" என்று சொல்லி, எல்லாரும் பார்க்க, நின்றபடியே பிய்த்துத் தின்றாள். ஒரு கவளம், இன்னொரு கவளம்.

அக்கா கையை நீட்டினாள். "எனக்குக் கொஞ்சம் வெய்யி சித்தி."

பெரியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி! உனக்கென்ன பைத்தியமா?"

"பசிக்குதும்மா. அமாவாசன்னு காலைலருந்து நீ ஒண்ணும் உருப்படியா குடுக்கல. எனக்கு இந்த வாசன வந்ததுலருந்து வாயில தண்ணி ஊறுது. வுடு."

"அமாவாச அன்னிக்கு முட்டையா!" என்று கத்தினாள் பால்காரர் பெண்சாதி.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த ஒரு வார்த்தையில் கூட்டமே திரும்பிவிட்டது. "ஆமா, வெரத நாள்ல முட்டையப் பொரிக்கிறதா?" "அதுவும் பூசாரி நிக்கும்போதா?" "கல்ல கழுவிப் போடணும்." பூசாரிக்கே கோபம் அந்தப் பக்கம் போய்விட்டது. "வெவஸ்த கெட்டுப்போச்சு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெரு முழுக்கப் பின்னால் பேசிக்கொண்டே போனது. அக்கா உட்கார்ந்து, இருந்த மிச்சத்தையும் தின்று, விரலை நக்கினாள். பெரியம்மா அவள் கையை எப்போது விட்டாள் என்று நான் கவனிக்கவில்லை.

அம்மாவிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. மடியில் சேர்த்த முடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். டீச்சர் பெரியப்பாவின் சைக்கிளில் ஏறும்போது என்னைப் பார்த்து, "திங்கக்கிழமை வந்துடு" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கட்டலாம் என்று உட்கார்ந்தேன். முட்டை வேறு கிடைத்தது. முடிதான் போதவில்லை. பாதி காற்றோடு போய்விட்டது. இருந்ததைச் சுற்றினால் ஒரு பக்கம் ஓடு தெரிந்தது. வைக்கோல் வைத்து நிரப்பலாமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது.

பெரியம்மா. சுவருக்கு மேலே கையை நீட்டினாள். மூடிய கையில் ஒரு சுருட்டு முடி.

"இந்தா. பத்தாம இருக்கும்" என்றாள். என்னைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அக்காளுதும் இருக்கு உள்ள."

அக்காவின் முடி. பிள்ளைத்தாய்ச்சியின் தலைமுடி. முந்தின நாள் எதற்காக அந்த வீடு அலறியதோ, அதையே எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். வாங்கிக்கொண்டு திரும்பினேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் மூட்டையைக் கட்டி முடித்ததும் பக்கத்தில் வந்து கயிற்றை ஒரு முறை இறுக்கிப் பார்த்தாள்.

"அவளுது அவகிட்டப் போயிரணும். ஒரு முடி வெளிய தங்கக் கூடாது" என்றாள்.

திங்கட்கிழமை டீச்சர் மாடி ஜன்னலிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டார். கீழே நாங்கள் வட்டமாக நின்றோம். தலைமை ஆசிரியரும் சத்தம் கேட்டு வந்து, போகாமல் நின்றுவிட்டார். சிலது உடைந்தது, சிலது தப்பியது. என் மூட்டை வந்தது. மண்ணில் விழுந்திருந்தால் தப்பியிருக்கும். படிக்கட்டின் கருங்கல் விளிம்பில் பட்டு ஓரமாகச் சாய்ந்தது. மஞ்சள் துணியில் ஈரம் படர்ந்தது.

நான் அழவில்லை என்று சொன்னால் அது பொய். டீச்சர் இறங்கி வந்து என்னோடு சேர்ந்து மூட்டையைப் பிரித்தார். கல் பட்ட இடத்தில் முடி ஒரு பக்கமாக ஒதுங்கிப்போயிருந்தது. அதை எனக்குக் காட்டினார். இனி எப்படிச் சுற்ற வேண்டும் என்று என் கைக்குப் புரிந்தது. அந்த 'இனி' பிறகு வரவே இல்லை. பரீட்சை வந்தது, என் பள்ளிக்கூடமும் அதோடு முடிந்தது. அது வேறு கதை, எனக்கு அதில் வருத்தம் உண்டு, குறை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முடியைக் கழுவ வேண்டுமே. மஞ்சள் கருவில் ஊறி நாற்றம் எடுத்துவிட்டது. ஏரிக்குப் போகலாம் என்று கிளம்பினேன்.

"அவ்ளோ தூரம் ஏன் போற?" என்றாள் பெரியம்மா, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "இங்க வா."

கிணற்றடியில் அவளே தண்ணீர் சேந்தி ஊற்றினாள். சீயக்காய் கொஞ்சம் எடுத்து வந்து கொடுத்தாள். நான் கசக்கிக் கசக்கி அலசினேன். அக்கா நிலைப்படியில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா, கவிச்சி போவட்டும்" என்று ஏவிக்கொண்டிருந்தாள். அம்மா எங்கள் பக்கத்துச் சுவரோரம் பாத்திரம் துலக்கினாள். துலக்கும் சத்தம் நின்றும் அவள் எழுந்து போகவில்லை.

துவைக்கும் கல்லில் முடியை விரித்துக் காயவைத்தேன். வெயில் பட்டுப் பளபளத்தது. காய்ந்த பிறகு பிரிக்க உட்கார்ந்தால் என்னால் முடியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பு. அங்கங்கே ஓடிய நரையும் ஒரே நரை. நீளமாக இருப்பதை அம்மாவுடையது என்று இழுத்தால் நடுவில் அறுந்து வந்தது.

பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"எதுடி என்துது? எது உங்கம்மாளுது?"

"தெரியல பெரிம்மா. ஒண்ணா ஆயிடுச்சு."

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவும் காத்திருந்தாள், எனக்குத் தெரியும். பிறகு பெரியம்மா எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுருட்டாகச் சுருட்டினாள். சுவருக்கு மேலே எட்டி, கேட்கிற குரலில் சொன்னாள்:

"இது இப்டியே இருக்கட்டும். எங்கூட்டு மாடத்துல வெக்கட்டுமா, உங்கூட்ல வெக்கிறியா?"